பட்டியலில் இல்லாத பக்கம்

விடுமுறை நாள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மதியம் இரண்டு பத்துக்குப் போன் அடித்தது.

“கண் ஆஸ்பத்திரிங்களா?”

பெண் குரல். பின்னால் வண்டி ஓடும் இரைச்சல்.

“இல்லைங்க. இது கண்ணாடிக் கடை.”

“அவசர சிகிச்சைன்னு இந்த நம்பர்தான் போட்டிருக்கு.” அந்தப் பெண் கடையின் பெயரைப் பிசகாமல் சொன்னாள். “இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர் இருப்பாருன்னு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சிடுச்சு. கெளம்பிட்டோம். டாக்டரைத் தயாரா இருக்கச் சொல்லுங்க.”

“அம்மா, இங்க டாக்டர்லாம்...”

இணைப்பு அறுந்தது.

கடையை நடத்தும் கண்ணாடிக்காரரின் மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். யாரோ எண்ணை மாற்றி அழுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு மூன்று நொடி தாங்கியது. எண்ணை மாற்றி அழுத்தியவருக்குக் கடையின் பெயர் எப்படித் தெரியும்?

கடைக்கு வெப்சைட் செய்தது அவள்தான். மூன்று வாரம் ஆகிறது. ஆள் வைத்துச் செய்தால் ஒரு மாதக் கடை வாடகை ஆகும் என்றார்கள். இலவசமாகவே செய்துகொள்ளலாம், எதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்று ஒரு தளம் சொன்னது. கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பில் போடுவது. ‘கண்’ என்று தேடினாள். இரண்டு டிசைன்கள் வந்தன. கண்ணாடிக் கடைக்கான டிசைனுக்குக் காசு. கண் மருத்துவமனைக்கான டிசைன் சும்மா. சும்மா கிடைத்ததை எடுத்தாள். கடையின் பெயர், போன் எண், இடம், மூன்றையும் ஒரே ஒரு தடவை கேட்டது. எல்லாப் பக்கங்களிலும் தானாக நிரம்பிவிடும் என்றது. நிரம்பியது. ஆங்கிலத்தில் இருந்த அத்தனையையும் ஒரு பொத்தானைத் தட்டியதும் தமிழாக்கித் தந்தது. அவளுக்குச் சிறகு முளைத்தது போலிருந்தது.

முதல் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா இந்த ஆளு? எனக்குத் தெரியாம டாக்டர்லாம் வச்சிருக்கே.”

“சும்மா இருங்க. இவரை எடுத்துட்டு பிரேம் படம் போடப்போறேன்.”

“எடுக்காத. என்னைவிட லட்சணமா இருக்காரு. நாலு பேர் கூடுதலா வருவாங்க.”

அவள் டாக்டரை எடுத்தாள். பிரேம்களைப் படம் பிடித்துப் போட்டாள். பக்கத்தின் மேல் ஒரு பட்டியல் இருந்தது. மருத்துவர்கள், அறுவை சிகிச்சை, குழந்தைகள் பிரிவு, அவசர சிகிச்சை என்று நீண்டது. கடைக்கு ஒட்டாததை எல்லாம் ஒவ்வொன்றாக அதிலிருந்து நீக்கினாள். கடைசியில் நான்கு மிஞ்சின. முகப்பு, பிரேம்கள், விலை, வரும் வழி. பட்டியலிலிருந்து பெயர் போனால் பக்கமும் போய்விடும் என்று நம்பினாள். வாசலில் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே கடை இல்லாமல் போய்விடுமா? அன்று அவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று காலையில்கூடத் தளத்திலிருந்து கணக்கு வந்திருந்தது. நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அவள் அடுப்படியிலிருந்தே கத்திச் சொன்னாள்.

“நாப்பத்தொரு பேருங்க!”

“அதுல முப்பது தடவை நீதான்” என்றார் கண்ணாடிக்காரர்.

இப்போது அவள் போனில் தன் வெப்சைட்டைத் திறந்தாள். நான்கு பக்கங்கள். எதிலும் டாக்டர் இல்லை. பிறகு அதை மூடிவிட்டு, வெளியாள் தேடுவது போலத் தேடினாள். ‘கண் அவசரம்’ என்று எழுதி ஊரின் பெயரைச் சேர்த்தாள்.

முதலாவதாக வந்தது அவள் கடை.

தொட்டாள். வெள்ளைக் கோட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். இருபத்து நான்கு மணி நேரமும் கண் அவசர சிகிச்சை. அனுபவமிக்க மருத்துவர்கள். விடுமுறை நாட்களிலும் உண்டு. கீழே அவளுடைய எண், சிவப்பில், பெரிதாக.

அதற்கும் கீழே நான்கு வரிகள் இருந்தன. வரும் வரை செய்ய வேண்டியவை என்று தலைப்பு. கண்ணைத் தேய்க்காதீர்கள். கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள். உடனே எங்களிடம் வாருங்கள்.

அந்த நான்கு வரிகளையும் மறுபடி படித்தாள்.

“என்னங்க” என்றாள். மறுபடி கூப்பிட்டாள்.

கண்ணாடிக்காரர் பின்னறையிலிருந்து வந்தார். லென்ஸ் தீட்டிய ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் சொன்னாள். சுண்ணாம்பு என்ற சொல்லில் அவர் கை நின்றது.

அவருக்குக் கண் வைத்தியம் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கறுப்புக் கண்ணாடி கேட்டு அவரிடம் வருகிறவர்கள் உண்டு. எதனால் அப்படி ஆயிற்று என்று சொல்லாமல் அவர்கள் போவதில்லை.

“தண்ணி ஊத்தினாங்களா?”

“கேக்கல.”

“அதைத்தானேம்மா முதல்ல கேக்கணும்!”

“டாக்டர் இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள வச்சிட்டாங்க.”

அவர் போனை வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்தார்.

“எதையும் ஊற்றாதீர்கள். இதை யாரு எழுதினது?”

“அதுலயே இருந்தது.”

“அதுலன்னா?”

“டிசைன்லயே. மாதிரிக்கு வச்சிருந்தாங்க போல.”

“கம்பி கிம்பி குத்தினா இது சரிதான். சுண்ணாம்புக்குத் தண்ணிதான் வேணும். குடம் குடமா ஊத்தணும். அதுவும் அந்த நிமிஷமே. ஒவ்வொரு நிமிஷமும் அது உள்ள தின்னுக்கிட்டே போகும்.”

அவள் அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். வண்டி இரைச்சலில் கேட்காமல் இருக்கலாம். பையில் இருக்கலாம். இரண்டு பதினேழு. இரண்டு இருபது. கண்ணில் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே, என்று எழுதி அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியும். படித்ததால்தான் வருகிறாள்.

கண்ணாடிக்காரர் தன் போனில் பெரிய ஆஸ்பத்திரியை அழைத்தார். அவசரப் பிரிவில் யாரோ எடுத்தார்கள். விடுமுறை என்றாலும் திறந்துதான் இருக்கிறது, கண் டாக்டரை வீட்டிலிருந்து வரவழைக்கிறோம், கழுவிக்கொண்டே கூட்டி வாருங்கள் என்றார்கள்.

“தொறந்துதான் இருக்காம்” என்றார் அவர்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுபடி அழைத்து, போன் மணியை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு முப்பத்தொன்றுக்கு எடுத்தார்கள்.

“வந்துட்டோம்மா. பாலம் தாண்டியாச்சு.”

“கண்ணுல தண்ணி ஊத்துங்க. வண்டியை நிறுத்தி இப்பவே ஊத்துங்க.”

“ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே.”

“அது தப்பும்மா.”

“உங்க ஆஸ்பத்திரிதானே போட்டிருக்கு? அதைப் பாத்துட்டுதான் துணியால கட்டினேன். என் தம்பி ஓடிப்போய் குழாயைத் தொறந்தான். நான்தான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.”

“நான் சொல்றதக் கேளுங்க...”

“நீங்க யாரு? போன் எடுக்கற ஆளா? டாக்டர்கிட்டக் குடுங்க. டாக்டர் வாயால சொல்லட்டும், ஊத்தறேன். நீங்க ஒண்ணு சொல்றீங்க, அதுல ஒண்ணு இருக்கு. நான் எதை நம்பறது?”

அந்தப் பக்கம் ஓர் ஆண் முனகினான். நீளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். தான் பேசுகிறேன் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா தெரியவில்லை. அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

“நான்தான் டாக்டர் பேசறேன்” என்றாள்.

அந்தப் பக்கம் குரல் சட்டென்று இறங்கியது. “டாக்டரம்மாவா? மன்னிச்சுக்குங்க. தெரியாம வாய விட்டுட்டேன்.”

“கட்டைப் பிரிங்க. இமையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஊத்துங்க. தண்ணி எவ்வளவு இருக்கு?”

“குடிக்கற கேன் ஒண்ணு இருக்கு.”

“அத்தனையும் ஊத்துங்க. அவர் கத்தினாலும் நிறுத்தாதீங்க. ஊத்திக்கிட்டே வண்டியைத் திருப்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“அங்க லீவு நாள்ல கண் டாக்டர் இருக்க மாட்டாங்க டாக்டரம்மா. அதனாலதானே உங்களைத் தேடினோம். காசைப் பத்திக் கவலைப்படாதீங்க, கையில இருக்கு. பாக்க மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அதுக்கில்லம்மா, அங்க...”

வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினாள். “ஊத்துடா! டாக்டரம்மா சொல்றாங்க, ஊத்துடா!” பிறகு அந்த ஆண் அலறினான். பிறகு ஒன்றும் இல்லை.

அவள் மறுபடி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

“ஊத்திட்டாங்கல்ல” என்றார் கண்ணாடிக்காரர்.

“இங்கதான் வருவாங்க.”

“வரட்டும். தண்ணியைத் தயார் பண்ணு.”

லென்ஸ் கழுவும் தொட்டியில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அவர் அதை இழுத்துப் பார்த்தார். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சு வரை எட்டியது. பெஞ்சின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டார். தலைமாட்டில் வாளி வைத்தார். இரண்டு கேன்களில் தண்ணீர் பிடித்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். எப்போதும் ஏதாவது கிண்டல் பண்ணுகிற மனிதர், குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார்.

அவள் ஷட்டரைத் தூக்கப் போனாள். கை கொக்கியில் இருந்தது. தூக்குவதற்குப் பதில் கீழே இழுக்கலாம் என்று தோன்றியது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடலாம். வந்து தட்டுவார்கள். பூட்டிய கடை. சுற்றிப் பார்ப்பார்கள். இடம் மாறி வந்துவிட்டோம் என்று போய்விடுவார்கள். யார் பேசியது, யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. தெருவில் ஒரு வண்டி கடந்தது. இன்னொன்று கடந்தது. ஒவ்வொன்றுக்கும் கொக்கியை இறுகப் பிடித்தாள்.

ஷட்டரைத் தூக்கினாள்.

இரண்டு நாற்பத்தெட்டுக்கு வந்தார்கள். மூன்று சக்கரச் சரக்கு வண்டி. பின்னால் ஏணி, சாந்துச் சட்டிகள், சுண்ணாம்பு அப்பிய ஒரு பீப்பாய். நடுவில் கண்ணில் சுண்ணாம்பு பட்ட கொத்தனார், மனைவியின் மடியில் தலைவைத்துக் கிடந்தார். இருவர் உடையும் நனைந்து வெள்ளைத் திட்டுகளாக இருந்தன. கேன் காலியாகி உருண்டது. வண்டி ஓட்டியவன், அந்தப் பெண்ணின் தம்பி, இறங்கி ஓடிவந்து மாமாவைத் தோளில் தாங்கினான்.

கொத்தனாரின் மனைவி நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது, சுட்டது.

“டாக்டரம்மா?”

“முதல்ல படுக்க வைங்க” என்றாள் அவள்.

படுக்க வைத்தார்கள். இடது கண். இமை வீங்கி வெள்ளையாக வெந்திருந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு கட்டைவிரல்களால் இமைகளைப் பிரித்தார். எத்தனையோ முகங்களில் பிரேம் மாட்டிச் சரிபார்த்த விரல்கள். ஒரு கண்ணையும் அவை தொட்டதில்லை. கொத்தனார் உடம்பை வில்லாக வளைத்தார்.

“குழாயைப் பிடி” என்றார் கண்ணாடிக்காரர். அவள் கண்ணுக்கு மேலே பிடித்தாள். தண்ணீர் ஓடியது. கண்ணின் வெள்ளைக்கும் கீழிமைக்கும் நடுவில் பருக்கை போல ஒரு துணுக்கு இருந்தது. ஒரு கையை விட்டு, நனைத்த துணி முனையால் அவர் அதை எடுத்தார். இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தார்.

கொத்தனாரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை. கண்ணாடி அலமாரி முழுக்கப் பிரேம்கள். விலைச் சீட்டுகள். கட்டில் இல்லை. மருந்து வாசனை இல்லை.

“டாக்டர் எங்க?”

தண்ணீர் வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“டாக்டர் எங்கன்னு கேட்டேன்.”

“இங்க டாக்டர் இல்லம்மா. இது கண்ணாடிக் கடை. போன்ல பேசினது நான்தான்.”

“டாக்டர்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

தம்பிக்காரனுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடிக்காரரின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தான். “யாருகிட்ட வெளையாடறீங்க? ஆளு துடிக்கிறான், கடை போட்டு ஏமாத்தறீங்களா?”

கண்ணாடிக்காரர் திரும்பவில்லை. கட்டைவிரல்கள் இமையிலேயே இருந்தன. காலர் கழுத்தை இறுக்கியது. முகம் சிவந்தது. குழாய் ஆடியது.

“மாப்ள.” கொத்தனார் முதல் முறையாகப் பேசினார். “அவரை விடுடா.”

“மாமா, இவங்க டாக்டரே இல்ல!”

“யாரா வேணா இருக்கட்டும். என் கண்ணு அவரு கையில இருக்குடா. பிடிச்சு ஆட்டாதே. வந்ததுல இருந்து இப்பத்தான் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்படுது. விடு.”

பையன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் வந்துக்கிட்டிருக்காங்க. பேசிட்டேன்” என்றார் கண்ணாடிக்காரர். “வண்டியை எடு தம்பி. நான் ஊத்திக்கிட்டே வர்றேன். குலுக்காம ஓட்டு.”

எல்லோரும் போனார்கள். சரக்கு வண்டியின் பின்தட்டில், ஏணிக்கு அடியில் குனிந்துகொண்டு அவள் கேனைச் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடிக்காரர் இமையைப் பிடித்திருந்தார். எதிரில் கொத்தனாரின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் தயாராக இருந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கண்ணின் ஓரத்தில் வைத்து எடுத்தார். காகிதம் நீலமாக மாறியது.

“சுண்ணாம்பு இன்னும் போகல. கழுவணும்.”

சலைன் பாட்டில்களைத் தொங்கவிட்டுக் கழுவினார்கள். அரை மணி நேரம். மறுபடி காகிதம். மறுபடி நீலம். மறுபடி கழுவினார்கள். மூன்றாவது தடவைதான் நிறம் மாறாமல் நின்றது. பிறகு டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எத்தனை மணிக்கு விழுந்தது?”

“ரெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும் டாக்டர்” என்றாள் கொத்தனாரின் மனைவி. “சாப்பிடக் கை கழுவப் போனோம். பீப்பாய்ல கொதிச்சு அடிச்சிடுச்சு.”

“முதல் தண்ணி எப்ப ஊத்தினீங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

“ரெண்டு முப்பத்தொண்ணு” என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. போனில் இருந்தது.

டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். “முப்பத்தாறு நிமிஷம். வேலை நடந்த இடத்துல தண்ணி இல்லையா?”

“இருந்தது.”

“பின்ன ஏன் ஊத்தல?”

கொத்தனாரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “என் தப்புதான் டாக்டர். என் தம்பி ஊத்த வந்தான். நான்தான் விடல. கட்டி வச்சேன். என் கையாலயே கட்டினேன்.”

டாக்டர் அதை எழுதத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரரின் மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள். பழியை ஒருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். பேனா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வரி எழுதினால் தாள் முடிந்துவிடும். போலீஸ் என்று ஒரு நினைப்பு வந்தது. கடை என்று இன்னொன்று வந்தது. அருகில் கண்ணாடிக்காரர் அசையாமல் நின்றார். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“அவங்க தப்பில்லைங்க” என்றாள். “எங்க கடை வெப்சைட்ல அப்படி இருந்தது. எதையும் ஊத்தக் கூடாது, துணியால கட்டணும்னு. அதைப் படிச்சுட்டுச் செஞ்சாங்க. அது நான் செஞ்ச வெப்சைட். அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன்னு நினைச்சேன். எடுக்கல.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

“இப்ப எடுத்தாச்சா?”

அவள் இன்னும் எடுக்கவே இல்லை.

நடைபாதைக்கு ஓடினாள். சுவரோரம் நின்று தளத்துக்குள் போனாள். அவசரத்தில் எழுத்துகள் தப்பின. பக்கங்கள் என்று ஒரு இடம் இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. திறந்தாள். பதினான்கு பக்கங்கள். அவள் நான்கு என்று எண்ணியிருந்த இடத்தில் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இன்று காலை வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண். முகப்பு, ஐந்து. பிரேம்கள், இரண்டு. விலை, ஒன்று. வரும் வழி, பூஜ்யம்.

அவசர சிகிச்சை, முப்பத்து மூன்று.

மறுபடி பார்த்தாள். முப்பத்து மூன்று. மதியம் போன் செய்தவள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்த முப்பத்து மூன்று பேரும் எதற்காகத் தேடினார்கள்? படித்துவிட்டு என்ன செய்தார்கள்? எந்தெந்த வீட்டில் யார் கண்ணை எந்தத் துணியால் கட்டிவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்?

நீக்கு என்பதை அழுத்தினாள். உறுதியாகவா என்று கேட்டது. பதினான்கையும் நீக்கினாள். வெப்சைட்டையே நீக்கினாள். பிறகு வெளியாள் போலத் தேடினாள். கடையின் பெயர் இன்னமும் வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் என்ற வரியும் வந்தது. தொட்டால் வெறும் பக்கம். ஆனால் வரி இருந்தது. கீழே எண் இருந்தது.

கண்ணாடிக்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

“போகலையா?”

“பக்கம் போயிடுச்சு. தேடினா இன்னும் வருது. நாலு நாள் ஆகலாம்னு போட்டிருக்கு.”

“நாலு நாளும் போனை நாம எடுப்போம்” என்றார் அவர். “தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி. அது ரெண்டுதான் சொல்லணும்.”

அவள் தலையசைத்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கட்டுப் பிரிப்பார்கள் என்றார்கள். ஏழரைக்கே கண்ணாடிக்காரரும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். “என்னால முடியாது, நீ போ” என்றார். அவள் அறையின் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

நீளமான அறை. கோடியில் கொத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணை அட்டையால் மறைத்திருந்தார்கள். இடது கண் சிவப்பாக, பாதி திறந்து, தண்ணீர் வடித்தது. மனைவி அவருக்குப் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்திருந்தாள். டாக்டர் அவருக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“எத்தனை விரல்?”

டாக்டரின் முதுகு கையை மறைத்தது. அவளுக்கு விரல்கள் தெரியவில்லை.

“மூணு” என்றார் கொத்தனார்.

டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

“இப்ப?”

“ஒண்ணு.”

இன்னோர் அடி. பின்வாங்கினால் சரியாகச் சொல்கிறார் என்று அர்த்தம். அது அவளுக்குப் புரிந்தது. டாக்டர் வாசலை நோக்கி, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். வரட்டும். என் மேல் இடிக்கும் வரை வரட்டும். அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

“இப்ப?”

“ரெண்டு.”

இன்னோர் அடி.

“இப்ப?”

கொத்தனார் கழுத்தை முன்னால் நீட்டினார். மனைவி நாற்காலியை இறுகப் பிடித்தாள்.

“கை தெரியுது டாக்டர்” என்றார். “கை இருக்குன்னு தெரியுது. விரல் தெரியல.”

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் இன்னும் ஏழெட்டு அடி தரை கிடந்தது. வெறும் தரை. அவள் அதைப் பார்த்தாள்.

டாக்டர் தாளில் எழுதினார். “மூணு அடி. இன்னிக்கு இவ்வளவுதான். கருவிழி வெந்திருக்கு. பார்வை ஏறலாம், இப்படியே நிக்கலாம், குறையவும் செய்யலாம். பத்து நாள் தினமும் பாத்துத்தான் சொல்ல முடியும்.”

டாக்டர் போன பிறகு கொத்தனாரின் மனைவி நிமிர்ந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்தாள். அடிப்பாள் என்று அவள் நினைத்தாள். அடிக்கட்டும் என்று நின்றாள்.

“நேத்தே போயிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

“இல்ல.”

“நாளைக்கும் வரணும் நீங்க.”

“வர்றேன்.”

“நாளான்னைக்கும் வரணும். பத்து நாளும் வரணும். எத்தனை அடின்னு அவரு சொல்றப்ப நான் மட்டும் தனியா நின்னு கேக்க மாட்டேன். என்னால முடியாது. நீங்களும் நின்னு கேக்கணும்.”

“கேக்கறேன்.”

“வாசல்ல இல்ல” என்றாள் கொத்தனாரின் மனைவி. “உள்ள வந்து.”